பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கிவிடப்பட்ட 30 பேர்: யார் பதில் சொன்னது?

கொக்குவிலான்:
1987 ஒக்டோபர் 11 இரவு யாழ் பல்கலைக்கழக வளாகத்து மைதானத்தில் இந்தியன் ஆமி ஹெலியில் வந்திறங்கிய கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை நாங்கள் எப்போதும் எங்கள் பக்கத்தில் நின்றுதான் கதைத்திருக்கிறோம். இன்றைக்கு மற்றப் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறேன். அந்த 30 சீக்கியச் சிப்பாய்களையும் அங்கே இறக்கிவிட்டு, பிறகு ஆளும் வராமல் வெடிமருந்தும் வராமல் செத்துப்போக விட்டதற்கு யார் பொறுப்பு, அந்த ஆளிடம் எவராவது கணக்குக் கேட்டார்களா?

தெரியாத இளசுகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புலிகளின் தலைமையை ஒரே இரவில் பிடித்துவிடலாம் என்பது திட்டம். 10ஆவது பாரா கமாண்டோக்கள் நூறு பேருக்கு மேல் முதலில் இறங்கினார்கள், அதற்குப் பின்னால் 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையில் ஒரு கம்பனி முழுவதும் பகுதி பகுதியாக எம்.ஐ-8 ஹெலிகளில் வந்திறங்க வேண்டும். புலிகள் வானொலித் தொடர்பை ஒட்டுக்கேட்டு விட்டார்கள், மைதானத்தைச் சுற்றிக் காத்திருந்தார்கள். ஹெலிகள் சூடு வாங்கியதும் பறப்பு நிறுத்தப்பட்டது. கமாண்டோக்கள் இருட்டில் புலித் தலைமை இருந்த வீட்டைத் தேடிப் போக, மேஜர் பிரேந்திர சிங்கும் 29 பேரும் அடுத்த ஹெலி வரும் என்று மைதானத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். அது வரவே இல்லை. அடுத்த நாள் குண்டு முடிந்தபோது 29 பேர் செத்திருந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களை மீட்க ரி-72 டாங்கிகள் காங்கேசன்துறை ரயில் பாதையால் வந்தன. அவர்களிலும் 6 பேர் போய்விட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு டெல்லியில் ஒரு பகிரங்க விசாரணை அறிக்கை கூட வெளியாகவில்லை.

பனங்கூடல்:
அண்ணை, குறை நினைக்காதேங்கோ, இந்தியன் ஆமிக்காக நாங்கள் ஏன் அழவேண்டும்? அதே நாள், அதே கொக்குவிலில், பிரம்படி ஒழுங்கையில் 40க்கும் மேற்பட்ட பொதுசனம் கொல்லப்பட்டது. டாங்கி ஏறிச் செத்தவர்களும் இருக்கிறார்கள் என்று ஊர்ச்சனம் இன்றைக்கும் சொல்கிறது. பத்து நாள் கழித்துத் தீபாவளியன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. நோயாளிகள், தாதிமார், வைத்தியர்கள் எல்லாமாக அறுபது எழுபது பேர். அடுத்த நாள் காலமை கையை உயர்த்திக்கொண்டு "நாங்கள் வைத்தியர்கள்" என்று சொல்லி நடந்து வந்த டொக்டர் சிவபாதசுந்தரத்தையே சுட்டார்கள். இதற்கு ஒருத்தனும் கூண்டில் ஏறவில்லை. நீங்கள் அவர்களின் மேஜருக்கு நியாயம் கேட்டு இழை திறக்கிறீர்கள்.

கொக்குவிலான்:
பனங்கூடல் தம்பி, நான் அழச் சொல்லவில்லை. உங்களுடைய கேள்வியும் என்னுடைய கேள்வியும் போய் முட்டுகிற கதவு ஒன்றுதான் என்கிறேன். யோசித்துப் பாருங்கள். 12ஆம் திகதி டாங்கி ஏன் ரயில் பாதையால் கொக்குவிலுக்கு வந்தது? வீதியெல்லாம் கண்ணிவெடி, உள்ளே அகப்பட்ட கமாண்டோக்களை எடுக்க வேறு வழி இல்லை. அவர்கள் ஏன் அகப்பட்டார்கள்? எதிராளியின் பலமும் தெரியாமல், இறங்குகிற இடத்தை ஒழுங்காகப் பாராமல், இறக்கிய பிறகு எடுப்பதற்கு மாற்றுத் திட்டமும் இல்லாமல் அனுப்பினார்கள். தன் ஆட்களையே அப்படி எறிந்த தலைமை, அந்த ஆட்கள் வெறிபிடித்து ஒழுங்கைக்குள் நுழையும்போது சனத்தைப் பற்றி யோசித்திருக்குமா? அந்த இரவின் கட்டளைகளை யாராவது ஒழுங்காக விசாரித்திருந்தால், மைதானத்தில் செத்த 29 பேரோடு ஒழுங்கையில் செத்த சனத்தின் பெயர்களும் அதே கோப்புக்குள் வந்திருக்கும். விசாரிக்கவில்லை, ஆகவே இரண்டும் வரவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இதில் கட்டளைச் சங்கிலியைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும், அதுதான் நோயின் வேர். பலாலியில் 54ஆவது காலாட்படைப் பிரிவின் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். அவருக்கு மேலே லெப்டினன்ட் ஜெனரல் தீபிந்தர் சிங், அவருடைய தலைமையகம் சென்னையில். அதற்கு மேலே டெல்லியில் இராணுவத் தளபதி சுந்தர்ஜி. இந்த ஏணிக்குப் பக்கத்தில் கொழும்பில் இந்திய உயர்ஸ்தானிகர் ஜே. என். தீக்‌ஷித் தனியாக ஒரு ஏணி வைத்திருந்தார். புலனாய்வுக்காரர்கள் இன்னொரு பக்கம். ஆளுக்கொரு தொலைபேசி, ஆளுக்கொரு உத்தரவு.

உதாரணம் சொல்கிறேன். ஒக்டோபர் 5ஆம் திகதி, இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருந்த புலித் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் பலாலியில் சயனைட் கடித்துச் செத்தார்கள். அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக விடுவதா இல்லையா என்பதில் பலாலியும் சென்னையும் கொழும்பும் டெல்லியும் கயிறு இழுத்த கதைதான் அது. அதில் தோற்றதால் போர் வந்தது. போர் வந்து ஒரு கிழமைக்குள் மைதானம்.

இன்னொன்று, பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுடச் சொல்லித் தனக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டதாகவும், வெள்ளைக் கொடியோடு வருகிறவரைச் சுடமாட்டேன் என்று தான் மறுத்ததாகவும் ஹர்கிரத் சிங் பிற்காலத்தில் எழுதினார். அந்த விடயத்தில் அவருக்கு ஒரு மதிப்பெண் போடலாம். ஆனால் மைதானத்துக்கு ஆள் அனுப்பியது அவருடைய பிரிவுதான். அதற்கு மேலே இருப்பவர்களைக் காட்டித் தப்ப முடியாது.

வேடிக்கை என்னவென்றால், ஹர்கிரத் சிங், தீபிந்தர் சிங், தீக்‌ஷித் மூன்று பேரும் ஓய்வுபெற்ற பின் ஆளுக்கொரு நூல் எழுதினார்கள். இராணுவத்துக்கு அரசியல் விளங்கவில்லை என்று ஒருவர், இராஜதந்திரி தலையிட்டார் என்று மற்றவர். அந்த நூல்கள்தான் விசாரணை, எழுதியவரே நீதிபதி.

ஸ்கார்பரோ அக்கா:
வாத்தியார் சொல்வது சரி. நாங்கள் அப்போது திருநெல்வேலியில் இருந்தோம். ஹெலிச் சத்தம் திரும்பத் திரும்ப வந்தது, பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது, வெடிச்சத்தம் மட்டும் விடிந்தும் நிற்கவில்லை. உள்ளே யார், எத்தனை பேர் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுக்கே தெரியாது என்பதைக் கனடாவில் இருந்து இவ்வளவு காலம் கழித்து வாசிக்கிறேன்.

நெடுந்தீவுக் குதிரை:
சும்மா ஒரு பக்கமாகக் கதைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தைச் சுற்றி வீடுகள் இருக்கிற இடத்தில் முகாம் வைத்தது யார்? சனத்துக்கு நடுவில் இருந்துகொண்டு அடித்தால் அடி சனத்துக்கும் விழும் என்று அந்தத் தலைமைக்குத் தெரியாதா? தலைமைப் பொறுப்பு என்று தொடங்கினால் எல்லாத் தலைமைக்கும்தான். 1990 யூன் 11ஆம் திகதி கிழக்கில் 600க்கு மேற்பட்ட பொலிஸ்காரரைச் சரணடையச் சொன்னது கொழும்பு, சரணடைந்தவர்களைக் கொன்றது புலிகள். அதில் சிங்களப் பொலிஸும் முஸ்லிம் பொலிஸும் இருந்தார்கள். அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. 2009 கடைசிக் கிழமைகளில் பெடியளை யார் எங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்டால் இந்த இழையில் பாதிப்பேர் என்னை அடிக்க வருவீர்கள்.

பனங்கூடல்:
குதிரை, எங்கே போனாலும் உங்களுக்கு ஒரே புல்தான். பெரியாஸ்பத்திரிக்குள் முகாம் இருந்ததா?

நெடுந்தீவுக் குதிரை:
ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் நியாயப்படுத்தியதாக ஒரு வரி காட்டுங்கள். உள்ளேயிருந்து சூடு வந்தது என்று அவர்கள் சொன்னார்கள், அப்படி வந்திருந்தாலும் கட்டிலுக்கு அடியில் கிடந்த நோயாளியைச் சுடுவதற்கு அது காரணமாகாது. நான் சொல்வது கணக்கு எல்லோருக்கும் என்பதுதான்.

மட்டுறுத்துநர்:
ஆளைத் தாக்காமல் எழுதுங்கள். 2009க்கு வேறு இழை ஏற்கெனவே இருக்கிறது, அதை அங்கே கொண்டுபோங்கள். இங்கே 1987.

வேலூர்க்காரன்:
வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன், ரொம்ப நாளாக வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல். என் மாமா அந்தப் படையில் இருந்தார், இலங்கைக்கு வந்தார். எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊர்கள் உண்டு, அதனால் இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. பிரம்படி பற்றி இங்கே எழுதியதைப் படித்தேன், அதற்குப் பதில் சொல்கிற தகுதி எனக்கில்லை.

சிப்பாய் தரப்பில் சில விஷயங்கள் மட்டும். சண்டை பிடிக்கப் போகிறோம் என்று சொல்லி அவர்களை அனுப்பவில்லை, இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைக் காக்கப் போகிறோம் என்றுதான் 1987 ஜூலை 30 முதல் பலாலியில் இறக்கினார்கள். கையில் எஸ்.எல்.ஆர், எதிரில் ஏ.கே-47. எஸ்.எல்.ஆர் மோசமான துப்பாக்கி இல்லை, ஆனால் நீளமான கனமான சாமான், ஒழுங்கைக்குள்ளும் வேலிக்குள்ளும் அது உதவாது. பழைய வரைபடங்கள். அந்த சீக்கிய இலகு காலாட்படை பஞ்சாபின் மஸ்பி, ராம்தாசியா சமூகங்களிலிருந்து ஆள் எடுக்கிற ரெஜிமென்ட், அதாவது நிலம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள். டெல்லியில் போய்க் கேள்வி கேட்க அந்தக் குடும்பங்களுக்கு யார் இருந்தார்கள்?

மொத்தம் 1,100க்கு மேல் செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை கப்பலில் சென்னைக்குத் திரும்பியபோது அப்போதைய முதல்வர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. தமிழனைக் கொன்ற படை என்பது அவர் காரணம், அதை நான் தப்பு என்று இந்த இடத்தில் வாதாட மாட்டேன். ஆனால் அனுப்பியது சிப்பாய் இல்லையே. அனுப்பியவர்களை யாரும் துறைமுகத்தில் நிறுத்திக் கேட்கவில்லை.

கச்சேரியடி:
வாங்கோ வேலூர். கந்தரோடையில் 1987 நவம்பர் 25இல் செத்த மேஜர் பரமேஸ்வரன், இந்தியன் ஆமியின் 8ஆவது மஹார் ரெஜிமென்ட், அவரும் தமிழர்தான். பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் செத்த ஒரு தமிழ் அதிகாரிக்கு இந்தியாவின் அதியுயர் போர் வீர விருது. விருது கொடுக்கிற கை விசாரணை என்றால் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது.

வடமராட்சி வாசகன்:
நான் வேறு நாடுகளைப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் "போரில் இப்படித்தான் நடக்கும்" என்று சொல்லி மூடுகிறவர்கள் இந்த இழைக்கும் வருவார்கள்.

சோமாலியா, மொகடிஷு, 1993 ஒக்டோபர். 18 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். அதற்கு முந்திய மாதம் அங்கிருந்த தளபதி கவச வாகனம் கேட்டிருந்தார், பாதுகாப்புச் செயலாளர் லெஸ் ஆஸ்பின் மறுத்திருந்தார். டிசம்பரில் ஆஸ்பின் பதவி விலகலை அறிவித்தார். செத்த சோமாலியருக்கு எவரும் பதவி விலகவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு முக்கியமாகத் தெரிவது பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா. 1995 யூலை. ஐ.நா. கொடியின் கீழ் சில நூறு டச்சுச் சிப்பாய்கள், இலேசான ஆயுதம், விமான உதவி கேட்டுக் கேட்டுக் களைத்தார்கள், வந்தது மிகச் சொற்பம், அதுவும் பிந்தி. ஊர் விழுந்தது, 7,000க்கு மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். நெதர்லாந்து என்ன செய்தது? ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றிடம் முழு விசாரணையைக் கொடுத்தது, 2002 ஏப்ரலில் அறிக்கை வந்தது, ஒரு கிழமைக்குள் பிரதமர் விம் கொக்கின் முழு அமைச்சரவையும் பதவி விலகியது. அதோடு முடியவில்லை. செத்தவர்களின் குடும்பங்கள் வழக்குப் போட்டு 2019இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சுமார் 350 பேரின் விடயத்தில் அரசுக்கு 10 வீதப் பொறுப்பு உண்டு என்று தீர்த்தது. 2022இல் அதே அரசு தன் பழைய சிப்பாய்களிடம் "உங்களைப் போதிய பலமில்லாமல் அனுப்பினோம்" என்ற கருத்தில் மன்னிப்புக் கேட்டது, அடுத்த மாதம் கொல்லப்பட்டவர்களின் உறவினரிடமும் மன்னிப்புக் கேட்டது.

கொக்குவிலான் அண்ணை சொல்கிற ஒரே கோப்பு அங்கே உண்மையாகவே திறந்தது. காலம் எடுத்தது, 10 வீதம் என்பது கேட்கவே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் திறந்தது.

பனங்கூடல்:
நெதர்லாந்து வேறு, இந்தியா வேறு. 1962 சீனப் போர்த் தோல்வி பற்றி ஹென்டர்சன் புரூக்ஸ் எழுதிய அறிக்கையையே அவர்கள் இன்னும் முழுதாக வெளியிடவில்லை. தன் நாட்டு எல்லையில் தோற்றதற்கே அப்படி. கடலுக்கு இந்தப் பக்கம் பிரம்படியில் செத்த சனத்துக்கு எந்தக் காலத்தில் அறிக்கை வரும்?

வடமராட்சி வாசகன்:
ஓம், அது சரியான உதாரணம். ஆனால் 1999 கார்கில் போர் முடிந்த கையோடு சுப்பிரமணியம் தலைமையில் மறுபரிசீலனைக் குழு போட்டு, அறிக்கையையும் பெரும்பாலும் வெளியிட்டார்கள். அவர்களுக்கு விசாரிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. வெற்றி கிடைத்த போரை விசாரித்தார்கள், மற்றதைப் பெட்டிக்குள் போட்டார்கள்.

ஸ்கார்பரோ அக்கா:
இலங்கை அரசு மட்டும் என்ன திறமா? ஹெயிட்டிக்கு ஐ.நா. அமைதிப் பணிக்குப் போன நூற்றுக்கு மேற்பட்ட இலங்கை ஆமிக்காரரைப் பாலியல் குற்றச்சாட்டில் 2007இல் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் கூட மறியலுக்குப் போகவில்லை. இப்போது ரஷ்ய ஆமியில் போய் அகப்பட்ட ஆட்களின் கதை. அதில் ஐரோப்பாவுக்கு என்று ஏஜென்சிக்குக் காசு கட்டிப்போன எங்கள் பெடியளும் இருக்கிறார்கள். 50க்கு மேற்பட்ட இலங்கையர் செத்துவிட்டார்கள் என்று 2025 தொடக்கத்தில் பாராளுமன்றத்திலேயே சொன்னார்கள். தாய்மார் தூதரக வாசலில் நிற்கிறார்கள். வெளிநாட்டு மண்ணில் கைவிடப்பட்ட சிப்பாய் என்றால் எனக்கு முதலில் இவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பிள்ளை சொல்வது முக்கியமானது, அதற்குத் தனி இழை திறவுங்கள், நானும் வருகிறேன். இங்கே ஒன்று மட்டும் சேர்க்கிறேன். புலிகளை அடக்கச் சில நாட்கள், கூடிப்போனால் சில கிழமைகள் போதும் என்ற நம்பிக்கையை இராணுவத் தலைமை ராஜீவ் காந்திக்குக் கொடுத்திருந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தைப் பிடிக்க மட்டும் ஏறத்தாழ இரண்டு கிழமை போனது. மிச்சம் இரண்டரை வருடம். அப்படியொரு கணிப்பைக் கொடுத்த சுந்தர்ஜி தன் தவணையை முடித்து மரியாதையோடு ஓய்வுபெற்றார். ஹர்கிரத் சிங்கை 1988 ஆரம்பத்தில் மாற்றினார்கள். மாற்றம் என்பது அரசாங்க உத்தியோகத்தில் என்ன என்று கச்சேரியில் வேலை செய்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கச்சேரியடி:
வாத்தியார் என்னைத்தான் சொல்கிறார் போல. ஓம் ஐயா, கோப்பும் ஆளும் வேறு வேறு கந்தோருக்குப் போய்விடும், கேள்வி நடுவழியில் நிற்கும்.

வேலூர்க்காரன்:
ஒரு யோசனை. 2021 ஜூனில் எங்கள் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது, போர்கள் மற்றும் நடவடிக்கைகள் பற்றிய ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் ரகசிய வகையிலிருந்து நீக்கி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று. 1987க்கு 25 ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் இந்தியக் குடிமகன் 10 ரூபாய் கட்டி விண்ணப்பம் போடலாம். உளவு அமைப்புகளுக்கு விலக்கு இருக்கிறது, ராணுவத்துக்கு மொத்தமாக விலக்கு இல்லை. பாதுகாப்பு என்ற காரணம் காட்டி மறுக்கலாம், மறுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். மறுத்தால் மேல்முறையீடு, பிறகு டெல்லியில் மத்திய தகவல் ஆணையம்.

நெடுந்தீவுக் குதிரை:
இது உருப்படியான கதை. நாங்கள் இங்கேயிருந்து போட முடியாதா?

வேலூர்க்காரன்:
சட்டம் குடிமக்களுக்கு மட்டும் அண்ணா. நான் போடுகிறேன், ஆனால் கேள்வியை நீங்கள் எழுதித் தாருங்கள். "என்ன நடந்தது" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எந்தப் பிரிவின் போர் நாட்குறிப்பு, எந்தத் திகதி, எந்த இடம் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

கொக்குவிலான்:
நல்லது தம்பி. அப்படியானால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போடவேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 13 சீக்கிய இலகு காலாட்படை, 10 பாரா கமாண்டோ, டாங்கி அனுப்பிய 65ஆவது கவச ரெஜிமென்ட், 54ஆவது பிரிவுத் தலைமையகம், இந்த நான்கின் நாட்குறிப்புகளும் ஒக்டோபர் 10 முதல் 13 வரை. பறப்பை நிறுத்திய உத்தரவை யார் கொடுத்தார், அது மைதானத்தில் நின்றவர்களுக்குச் சொல்லப்பட்டதா என்பது ஒரு கேள்வி. பிரம்படியில் நடந்தது பற்றிப் பிரிவுத் தலைமையகத்துக்கு ஏதாவது அறிக்கை போனதா, போனால் அதன் மேல் என்ன எழுதப்பட்டது என்பது மற்றது.

பனங்கூடல்:
ஆஸ்பத்திரியையும் போடுங்கள். 21, 22ஆம் திகதிகள்.

வேலூர்க்காரன்:
அதைத் தனி விண்ணப்பமாகப் போடுவது நல்லது அண்ணா, ஒன்றை மறுத்தால் மற்றது அதோடு போகக்கூடாது. அப்போது அண்ணன் சொன்ன இரண்டையும் ஒன்றாகவும், இதைத் தனியாகவும் எழுதுகிறேன். பிரம்படி ஒழுங்கை ஆங்கிலத்தில் அந்தக் கால ஆவணங்களில் எப்படி எழுதப்பட்டிருக்கும், பக்கத்தில் என்ன ரயில் நிலையம், என்ன கோயில், ஊர்க்காரர் யாராவது தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

கொக்குவிலான்:
கொக்குவில் ஸ்டேசன்தான் கிட்ட. மிச்சத்தை இன்றிரவு அனுப்புகிறேன். பனங்கூடல், ஆஸ்பத்திரியில் செத்த உத்தியோகத்தர் பெயர்ப்பட்டியல் உங்களிடம் இருந்தால் அதையும் அனுப்பி விடுங்கோ.